முன்கதை தெரியாமல் தொடரலாமா?

கேள்வி: டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களும் நூலகத்தில் கிடைத்தன, முன்கதையான 'தி ஹாபிட்' கிடைக்கவில்லை. காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1937-இல் சிறுவர்களுக்கென வெளிவந்த 'ஹாபிட்'டைப் படிக்காதவர்களுக்காகவே, 1954-இல் வந்த முதல் பாகத்தின் முன்னுரையில், 'ஹாபிட்'டின் நாயகன் பில்போ இருட்டுக் குகையில் கதைக்கு மையமான மோதிரத்தைக் கண்டெடுத்ததும், அங்கே வாழ்ந்த கோல்லம் என்பவனுடன் விடுகதைப் போட்டியில் மோதியதும், கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கப்பட்டு அவனை விட்டுவிட்டதும் சுருக்கமாகச் சொல்லப்பட்டுள்ளன. (பின்கதைக்குப் பொருந்தும்படி அந்த விடுகதை அத்தியாயத்தையே டோல்கீன் 1951 பதிப்பில் மாற்றி எழுதினார் என்பது சுவையான செய்தி.)

ஆனால் முன்னுரையால் ஈடுசெய்ய முடியாத இழப்பும் உண்டு. மோரியா சுரங்கத்தில் பாலினின் கல்லறையைக் காணும் இடம், பில்போவுடன் பயணம் செய்த 13 குள்ளர்களில் ஒருவராக, அவனிடம் அன்பு காட்டியவராக அவரை முன்பே அறிந்த வாசகரை உலுக்கிவிடும். மற்றவருக்கு அது வெறும் பெயர்தான். இந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் கருத்து. இரண்டாம் பாகத்திலிருந்து மட்டும் தொடங்கிவிடாதீர்கள்: அது தொடர்ச்சி நூலன்று, மூன்றாகப் பிரித்து வெளியிடப்பட்ட ஒரே நாவலின் நடுப்பகுதி, முதல் அத்தியாயத்திலேயே போரோமிர் இறந்துவிடுகிறான், அவன் யாரென்றே உங்களுக்குத் தெரிந்திராது.