சுரங்க அறைகளைத் திறந்துகொண்டே போகும் போர்டு கேம்: பின்னால் புதிய பொதி (கூடுதல் தொகுப்பு, expansion) சேர்க்கும்படி எப்படி வடிவமைப்பது?

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் கொட்டாரத்திலிருந்து (அரண்மனை) சாரோட்டுக் கொட்டாரத்துக்கு இருப்பதாகச் சொல்லும் சுரங்கப்பாதையைக் களமாக எடுத்திருக்கிறீர்கள். வழி பாதியிலேயே அடைத்துப்போகிறது, டைல் (அறை வரைந்த சதுர அட்டை) வளைகிறது, பொதி சேர்த்தால் ஆட்டம் நீர்த்துப்போகுமோ என்று மூன்று கவலை உங்களுக்கு. முதலும் மூன்றும் ஒரே நோய்தான்.

படம் வரையும் முன் வாசல்களை எண்ணுங்கள். ஒரு டைலை வைக்கும்போது மேசையில் திறந்திருந்த ஒரு வாசலும் அந்த டைலின் ஒரு வாசலும் சேர்ந்து தீர்ந்துவிடும். ஆக, டைலின் வாசல்களில் 2 போக மீதிதான் வரவு. சராசரி 2-க்குக் கீழே போனால் சுரங்கம் செத்துவிடும். 3 வந்தால் மேசை முழுக்கத் திறந்த வாசல், ஆளுக்கொரு திக்கில் போய்விடுவார்கள். 2.25 வைத்துப் பாருங்கள். 24 டைலுக்கு 54 வாசல்: முட்டு அறை (ஒரே வாசல்) 4, இருவாசல் 12, மூவாசல் 6, நால்வாசல் 2. தொடக்க டைல் தனி, அதற்கு 3 வாசல்.

இந்த 24-ஐ எட்டெட்டாகப் பிரியுங்கள், ஒவ்வொரு எட்டிலும் 18 வாசல் வரும்படி. மேல் எட்டில் இருவாசல் 6, மூவாசல் 2. முட்டு அறையே கிடையாது. நடு எட்டும் அடி எட்டும் ஒரே அமைப்பு: முட்டு 2, இருவாசல் 3, மூவாசல் 2, நால்வாசல் 1. சாரோட்டு வாசல் என்ற இலக்கு அடி எட்டின் ஒரு முட்டு அறை. மூன்று எட்டையும் தனித்தனியாகக் கலைத்து மேல், நடு, அடி என்ற வரிசையில் எடுத்தால் இலக்கு 17-ஆவது டைலுக்கு முன் வராது. வாசல் சுவரில் முட்டினால் அது பூட்டிய வாசல். கடைசித் திறந்த வாசலையும் அடைக்கும் டைல் வந்தால் வேறு எடுத்துக்கொண்டு அதை அந்த எட்டிலேயே திருப்பிப் போடட்டும்.

புதிய பொதி என்பது நடு எட்டுக்கு மாற்று. மேலே கொட்டுவது இல்லை. 24-ஓடு இன்னொரு 24-ஐக் கலந்தால் அடிப்படை ஆட்டத்தின் சாவி கிடைக்கும் வாய்ப்பு பாதியாகிவிடும், பலர் சறுக்குவது இங்கேதான். பொதிக்கு ஒரு புது விதி போதும். வட்டக்கோட்டைப் பொதிக்குக் கடல்நீர் ஏறும் அறைகள், உதயகிரிப் பொதிக்கு வெடிமருந்து (திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்த கோட்டை அல்லவா).

ஆயுதங்களுக்கு +1 கொடுக்காதீர்கள். ஒரு பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்றால் 50%. +1 சேர்ந்தால் 67%, +2-க்கு 83%, +3-க்குப் பகடையே வேண்டாம். பொதிக்குப் பொதி வாள் கூடும்போது இது நடந்தே தீரும். பதிலாக ஒருமுறை மறுபடி உருட்டும் உரிமை கொடுங்கள். 75%, எத்தனை வாள் இருந்தாலும் உருட்டலுக்கு ஒருமுறைதான்.

டைல் 9 செ.மீ. சதுரம், உள்ளே 3×3 கட்டம். கட்டம் ஒற்றைப்படையாக இருந்தால்தான் வாசல் நடுக்கட்டத்தில் விழும், எப்படித் திருப்பினாலும் பொருந்தும். ஏ4 தாளில் 6 வரும், 10 செ.மீ. என்றால் 4 தான்.

வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவது. ஃபெவிகால் ஈரத்தில் தாள் விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். 2 மி.மீ. பைண்டிங் போர்டின் இருபுறமும் ஒரே ஸ்டிக்கர் தாளை ஒட்டி, ஓரிரவு பாரம் வைத்து, அப்புறம் வெட்டுங்கள். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் போட்டே வையுங்கள். பின்பக்கத்தில் கரைக்கோடு போடாதீர்கள், 1 மி.மீ. விலகினாலும் எந்த டைல் என்று காட்டிக்கொடுக்கும். அடுத்த பொதி அச்சாகும்போது நிறமும் மாறும். மூன்று எட்டுக்கும் மூன்று துணிப்பை வைத்துக் கைவிட்டு எடுத்தால் பின்பக்கம் யார் கண்ணிலும் படாது.