சுவிட்ச் கேள்வி பதில்: ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்), க்யூஓஎஸ் (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு)

கேள்வி: சிசிடிவி விலானில் (சுவிட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இருந்து ஒரு சர்வரை மட்டும் தடுக்க ஏசிஎல்லில் ஒரே ஒரு டினை (தடு) வரி போட்டேன் சார். கேமரா மொத்தமும் படுத்துவிட்டது.

பதில்: சிஸ்கோவில் ஏசிஎல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத 'டினை எனி' (எல்லாவற்றையும் தடு) ஒன்று உண்டு. உங்கள் வரிக்குக் கீழே 'பெர்மிட் ஐபி எனி எனி' (எல்லாவற்றையும் விடு) சேருங்கள். மேலே சேர்த்தால் டினைக்கு வேலையே இருக்காது. முதலில் பொருந்தும் வரியோடு சுவிட்ச் நின்றுவிடும்.

கேள்வி: கெஸ்ட் விலானின் எஸ்விஐயில் (விலானுக்கு வாசலாக இருக்கும் சுவிட்ச் இன்டர்ஃபேஸ்), உள்ளே வரும் பக்கம் ஏசிஎல் போட்டேன். பழைய லேப்டாப்கள் ஓடுகின்றன, புதிதாக வருபவற்றுக்கு ஐபி கிடைக்கவில்லை. பெர்மிட் வரி 192.168.50.0 0.0.0.255 (192.168.50 என்று தொடங்கும் முகவரிகள்) என்றுதான் இருக்கிறது.

பதில்: சிக்கலே அந்த வரிதான். புதிதாக வரும் லேப்டாப்புக்கு இன்னும் முகவரியே கிடையாது. அது அனுப்பும் முதல் டிஹெச்சிபி (ஐபி முகவரி கேட்கும்) பாக்கெட் 0.0.0.0-இல் இருந்து 255.255.255.255-க்குப் போகிறது. உங்கள் பெர்மிட்டில் அது பொருந்தாமல், கடைசி டினையில் மாட்டிச் சாகிறது. பழையவை ஏற்கெனவே வாங்கிய முகவரியில் ஓடுவதால் உங்களுக்குக் குழப்பம். டிஹெச்சிபிக்காக யுடிபி போர்ட் எண் 68-இல் இருந்து 67-க்குப் போவதை முதல் வரியிலேயே அனுமதியுங்கள். டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும்) சர்வர் உள் நெட்வொர்க்கில் இருந்தால் அதன் போர்ட் எண் 53-ஐயும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஒரே விலானில் இருக்கும் இரண்டு பிசிக்கள் பேசக்கூடாது. எஸ்விஐயில் போட்ட ஏசிஎல் கண்டுகொள்ளவே இல்லையே?

பதில்: கண்டுகொள்ளாது. ஒரே விலானுக்குள் ஓடும் டிராஃபிக் எஸ்விஐ பக்கமே வராது. பிசி மாட்டியிருக்கும் போர்ட்டில் ஏசிஎல் போடுங்கள்.

கேள்வி: ஐபி போன்கள் டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) 46, அதாவது குரலுக்கான குறி, போட்டுத்தான் அனுப்புகின்றன. ஆனாலும் பேக்கப் ஓடும்போது குரல் வெட்டுகிறது. சுவிட்ச் சிஸ்கோ 2960, 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' (க்யூஓஎஸ்ஸை இயக்கும் கட்டளை) போட்டாயிற்று.

பதில்: அதைப் போட்டதும் 2960 எந்தப் போர்ட்டையும் நம்பாது. வரும் 46-ஐ 0 ஆக்கிவிடும். குரலும் பேக்கப்பும் ஒரே வரிசையில் நிற்கும். போன் இருக்கும் போர்ட்டிலும் அப்லிங்க்கிலும் (அடுத்த சுவிட்சுக்குப் போகும் போர்ட்) டிரஸ்ட் (வரும் குறியை நம்பு) கொடுங்கள். பிசி மட்டும் இருக்கும் போர்ட்டில் வேண்டாம், யார் வேண்டுமானாலும் 46 போட்டு அனுப்பலாம். அப்புறம் ஒன்று: எல்லாவற்றுக்கும் முன்னுரிமை கேட்கும் மேலாளர்கள் உண்டு. க்யூஓஎஸ் லைனை அகலப்படுத்தாது, நெரிசலில் யார் காத்திருப்பது என்று மட்டுமே முடிவு செய்யும்.

கேள்வி: வெளியூர் கிளை சுவிட்சில் ஏசிஎல் மாற்றவே பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: பயம் நல்லதுதான். இப்போதிருக்கும் கான்ஃபிகை சேவ் செய்துவிட்டு 'ரீலோட் இன் 10' (10 நிமிடத்தில் மறுபடி தொடங்கு) கொடுங்கள். பிறகு மாற்றுங்கள், சேவ் செய்யாதீர்கள். நீங்களே வெளியே மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் சுவிட்ச் பழைய கான்ஃபிகோடு எழுந்துவிடும். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் சேவ்.