நாயோடு மலையேற மதுரையில் எங்கே போகலாம்?

கேள்வி: ஆறு மாதம் முன்பு மாற்றலாகி மதுரைக்கு வந்தோம். எங்கள் லாப்ரடார் புருனோவுக்கு 3 வயது, எடை 32 கிலோ. ஞாயிறுதோறும் அவனை மலையேற்றம் கூட்டிப்போக ஆசை. யானைமலை, சமணர் மலை, அரிட்டாபட்டி மூன்றையும் எல்லோரும் சொல்கிறார்கள். எது நாய்க்கு ஏற்றது? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? அழகர் மலை, சிறுமலை பக்கம் போகலாமா?
- வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: நீங்கள் கேட்ட மூன்று மலைகளிலும் உச்சிக்கு நாயைக் கூட்டிப்போக வேண்டாம். ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மதுரையைச் சுற்றி நாய்க்கு நல்ல நடை கிடைப்பது மலையடிவாரத்திலும் கண்மாய்க் கரையிலும்தான். நிழலும் மண் தரையும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. மேலே இருப்பது மொட்டைப் பாறை.

முதல் காரணம் சட்டம். சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகளும் சிற்பங்களும் உள்ள இடங்களில் பல, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள், அதன் பராமரிப்புக்குத் தேவைப்பட்டால் தவிர, எந்த விலங்கையும் கொண்டுவரக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சமணர் மலையில் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் இதில் அடங்கும். வாசலில் காவலர் இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகிவிடாது. வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ள பாறையில் நாய் காலைத் தூக்கினால், அடுத்த வாரத்திலிருந்து நாயோடு வரும் எல்லோரையும் ஊர்க்காரர்கள் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். அதில் தப்பும் இல்லை.

இரண்டாவது காரணம் பாறையேதான். சரிவான பாறையில் லாப்ரடார் உற்சாகமாக ஏறிவிடும். பின்னங்கால்கள் தள்ளிக்கொடுக்கும். சிக்கல் இறங்கும்போது வரும். முழு எடையும் முன்னங்கால்களில் விழ, நகம் பிடிக்க இடமில்லாமல் வழுக்கும். முன்காலின் உட்பக்கம் தனியாக நிற்கும் நகம் பிய்ந்து ரத்தம் கொட்டுவது இப்படித்தான். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம் என்பதால் உயரமான படிகளில் குதித்து இறங்குவதும் கெடுதல். மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இனி குட்டி வாங்குபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: ஒன்றரை வயதுக்கு முன் மலைப்படி வேண்டவே வேண்டாம்.

இடங்களுக்கு வருவோம். யானைமலையை விட்டுவிடுங்கள். மேலே நிழலே கிடையாது, அடிவாரச் சாலைகளில் வண்டிகளும் தெருநாய்களும் அதிகம். அரிட்டாபட்டியையும் நாயில்லாமல் போய்ப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள குன்றுகளில் லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. கவுதாரி, ஆள்காட்டி போன்றவை தரையில்தான் முட்டையிடும். கயிற்றில் கட்டிய நாய்கூட மோப்பம் பிடித்துக்கொண்டே போனால் தாய்ப்பறவை எழுந்து ஓடிவிடும், வெயிலில் முட்டை வெந்துவிடும். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தையே ரத்து செய்ய வைத்தவர்கள் அவ்வூர் மக்கள். தங்கள் மலையைப் பற்றி அவர்களுக்கு அக்கறை கூடுதலாகவே இருக்கும்.

சமணர் மலை அடிவாரம் மூன்றிலும் நல்லது. நகரிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ., கீழக்குயில்குடி. தாமரைக்குளம் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, ஆலமரமும் அய்யனார் கோயிலும் உள்ள பகுதியைச் சுற்றி விலகிப் போங்கள். பைரவர் வாகனம்தானே என்ற வாதம் கோயில் வாசலில் எடுபடாது. மலையை இடித்தாற்போல் போகாமல், அடிவார மண் பாதையில் 40 நிமிடம் நடந்து அதே வழியில் திரும்புங்கள். முழுச் சுற்று முடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். பாதிச் சுற்றில் நாய் களைத்துப்போனால் 32 கிலோவை யார் சுமப்பது?

இதைவிடச் சுலபமானது மாடக்குளம் கண்மாய்க் கரை. பாண்டியர் கல்வெட்டுகள் மதுரையை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிக்கின்றன. நாய்க்குக் கல்வெட்டு எதற்கு என்பீர்கள், உங்களுக்குச் சுவையாக இருக்குமே என்று சொன்னோம். கரை மேடு சமதளம், மண் தரை, காற்று வரும். இருசக்கர வாகனங்கள் வரும் என்பதால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கண்மாயில் நீர் நிற்கும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இதற்கு அருமையான காலம். பொங்கலை ஒட்டி மட்டும் ஒரு கவனம் தேவை. ஜல்லிக்கட்டுக் காளைகளை மதுரைக் கிராமங்களில் அதிகாலையில் நடைக்கும் கண்மாயில் நீச்சலுக்கும் ஓட்டி வருவார்கள். காளையைக் கண்டால் 50 மீட்டர் முன்பே கரையிலிருந்து இறங்கி, நாயை உட்கார வைத்துவிடுங்கள். நாய் ஒருமுறை குரைத்தால் போதும், கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளையே இழுத்துக்கொண்டு காளை ஓடிவிடும்.

தண்ணீரில் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஊருணி என்பது ஊர் குடிப்பதற்காகக் காத்துவைக்கும் நீர். நாயை அதன் படியில்கூட இறக்காதீர்கள். கண்மாயில் கால் நனைக்கலாம், ஆனால் குடிக்க விடாதீர்கள். தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சும் இருக்கலாம். பாசனக் கால்வாயில் நீர் ஓடும் மாதங்களில் சிமென்ட் கரை வழுக்கி உள்ளே விழுந்த நாயால் ஏறி வர முடியாது. மேலூர்ப் பக்கம் நீர் நிறைந்து கிடக்கும் கைவிட்ட கிரானைட் குவாரிக் குழிகளும் அப்படித்தான், அங்கே சுவர் செங்குத்து.

நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வெளிச்சம் வரும்போது நடக்கத் தொடங்கி, 8 மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். மாலையில் போகலாமே என்று தோன்றும். பகலெல்லாம் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்த பிறகும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு இல்லை. புறங்கையைப் பாறையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும். நாய்க்கான பூட்ஸ் விற்கிறார்கள். சூட்டுத் தரையைச் சில நிமிடம் கடக்க உதவும், சரிவுப் பாறையில் பிடிமானத்தைக் குறைக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மலைப்பக்கம் போகாமல், விடியற்காலையில் வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடத்தினால் போதும்.

வெப்பத்தாக்குதல்தான் இங்கே நாயைக் கொல்லும் முதல் ஆபத்து. நாய்க்கு வியர்த்து உடல் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் குளிர வேண்டும். காற்றில் ஈரப்பதம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. லாப்ரடாருக்கு ‘போதும்’ என்று நிற்கத் தெரியாது, பந்து எறிந்தால் விழும்வரை ஓடும். இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாக்கு நுனி அகன்று தொங்குவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் கெட்டியாகிக் கயிறுபோல் ஒழுகுவது, நடை தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடை அங்கேயே முடிந்தது. நிழலில் கிடத்தி வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி விட்டுவிடக் கூடாது, துண்டே சூடாகி உள்ளே வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 103.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், மேலும் குளிர்வித்தால் தேவைக்கு மீறி இறங்கிவிடும். பிறகு ஏசி போட்ட காரில் மருத்துவமனைக்கு. முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் பயணம். இதை மாற்றிச் செய்வதால்தான் பல நாய்கள் வழியிலேயே இறக்கின்றன. தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைதலும் கெடுவது மறுநாள்கூடத் தெரியவரும்.

புருனோவுக்கு வீட்டில் இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது சுமார் 1.6 முதல் 1.9 லிட்டர் தண்ணீர் தேவை. இரண்டு மணி நேர நடைக்கு அவனுக்கென்று தனியாக 1.5 லிட்டர் கொண்டுபோங்கள். உடலில் ஊற்ற வண்டியில் இன்னொரு 5 லிட்டர் கேன் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 150, 200 மில்லி கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் வாந்திதான். காலையில் தயிர்சோறு போட்டுக் கிளப்பாதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு, நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. முந்தைய இரவே உணவை முடித்துவிடுங்கள். திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்து அடுத்த சாப்பாடு.

கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டாமல், முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் வாங்குங்கள். கயிறு ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர். பட்டனை அழுத்தினால் நீளும் ரகம் வேண்டாம், முள்புதரில் சிக்கும், மயில் எழுந்த கணத்தில் உங்கள் கையிலிருந்து பறந்துவிடும். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, நாய் கவ்விவிட்டால் வழக்கு உங்கள் மேல். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவற்றோடு விடிகாலையில் காட்டோரம் நடந்தால் முயல் வேட்டை என்று சந்தேகம் வரும். கயிற்றைப் பிடித்தே நடங்கள்.

பையில் முனை மெலிந்த இடுக்கி, உப்புநீர் பாக்கெட், கட்டுத்துணி, ஒரு பழைய போர்வை வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கி சீமைக்கருவேல முள்ளுக்கு. உள்ளே ஒடிந்துவிட்டால் தோண்டாதீர்கள், மறுநாளும் நொண்டினால் மருத்துவர் எடுக்கட்டும். போர்வை, நாயை இரண்டு பேர் தூக்கி வருவதற்கு. அதனால்தான் தனியாகப் போகக் கூடாது. பாம்பு கடித்தால் நாயை நடக்க விடாமல் இந்தப் போர்வையில்தான் கொண்டுவர வேண்டும். கல்லிடுக்கில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும், மூக்கை நுழைக்கும் நாய்க்குப் பெரும்பாலும் முகத்தில்தான் கடி. வீக்கம் நெரிக்கும் முன் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் ஞாயிறு காலை 7 மணிக்குக் கிடைக்கும் என்று சனிக்கிழமையே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கிடை ஆடுகளோடு வரும் நாய்களைக் கண்டால் எதிரே போகாமல் வளைந்து போங்கள், ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டுச் சொன்னால் அவர் அடக்கி வைப்பார். ரேபிஸ் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காது மடல் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வால் அடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேலை ஆகாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம், வெளிறிய ஈறு ஏதாவது தெரிந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

அழகர் மலை காப்புக்காடு. குரங்குகளும் காட்டுமாடுகளும் உள்ள இடத்துக்கு நாயோடு போவது இரண்டு தரப்புக்கும் கெடுதல். சிறுமலையின் காட்டுப் பாதைகளுக்கும் அதே பதில். நாய்க்கு அனுமதி தரும் தோட்ட வீடு கிடைத்தால், அதன் வேலிக்குள் நடக்கலாம். போகும் வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து புருனோவுக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள், இருக்கையில் ஒரு பழைய பெட்ஷீட் விரித்துவிடுங்கள்.