செயின் கழுவ ஸ்ப்ரே வாங்கணுமா, மண்ணெண்ணெய் போதுமா?

கேள்வி: பைக் செயினில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கட்டியாகிவிட்டது. மெக்கானிக் பெட்ரோலில் கழுவுகிறார். கடையில் 500 மி.லி. செயின் கிளீனர் ஸ்ப்ரேயைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் செயின் எந்த வகை என்று பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு ரப்பர் வளையங்கள் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். கண்ணிகளை இணைக்கும் ஆணியான பின்னுக்கும், அதைச் சுற்றியுள்ள குழலான புஷ்ஷுக்கும் நடுவில் தயாரிக்கும்போதே வைத்த கிரீஸை அந்த வளையம்தான் காக்கிறது. பெட்ரோலும் தின்னரும் பட்டால் ரப்பர் உப்பும், பிறகு விறைத்து வெடிக்கும். கிரீஸ் வெளியேறி, தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். அதன்பிறகு வெளியில் எவ்வளவு ஆயில் விட்டாலும் உள்தேய்மானம் நிற்காது.

மண்ணெண்ணெய் ஓ-ரிங்கை அப்படிக் கெடுக்காது. ஊற வைக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை மண்ணெண்ணெய் 250 மி.லி. ஒரு தடவைக்குத் தாராளம். நீல நிற ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டும் உரியது, இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஸ்ப்ரேயில் கூடுதலாகக் கிடைப்பது சௌகரியம்தான். ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். டயருக்கும் செயினுக்கும் நடுவே ஓர் அட்டை, பிரேக்கின் மேல் பிளாஸ்டிக் கவர். நைலான் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே தேயுங்கள். கம்பி பிரஷ் ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். பனியன் வேஸ்ட்டில் கறுப்பு ஒட்டாத வரை துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எஸ்ஏஇ 90 கியர் ஆயிலை விடுங்கள். கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரத்தை) தொடும் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சக்கரம் சுற்றும்போது ஆயில் தானாக வெளிப்பக்கம் வரும். மிஞ்சியதைத் துடைக்காவிட்டால் மறுநாளே புழுதி அப்பிக்கொள்ளும். பைக்கோடு வந்த கையேட்டில் வேறு ஆயில் சொல்லியிருந்தால் அதையே விடுங்கள்.

இஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் விரலும் சேர்ந்தே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெட்ரோலை வீட்டில் தொடவே வேண்டாம் என்பதற்குக் காரணம் ரப்பர் மட்டும் இல்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து அடுப்பு வரைக்கும், பூஜை விளக்கு வரைக்கும் போய்ப் பற்றும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஆனால் சித்திரை வெயில் அதையும் தாண்டுமே! அதனால் அதையும் நிழலில், திறந்த வெளியில் வைத்தே செய்யுங்கள்.

கேள்வி: அலுமினிய இஞ்சின் கவரை காஸ்டிக் சோடாவில் ஊற வைத்தேன். கறுத்துவிட்டது. கழுவினால் போகுமா?

பதில்: போகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரிக்கும். அப்போது எழும் நுரை ஹைட்ரஜன் வாயு, எளிதில் தீப்பிடிப்பது. மேற்பரப்பை பாலிஷ் போட்டுத்தான் மீட்க முடியும். அடுத்த முறை மண்ணெண்ணெயில் தேய்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் அலசினாலே போதும். தண்ணீரில் கலக்கும் டீகிரீசர் (கிரீஸ் நீக்கும் திரவம்) வாங்கினால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடான இஞ்சின்மேல் தெளிக்காதீர்கள், காய்ந்து கறையாகிவிடும்.

கேள்வி: பிரேக் கிளீனரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: பிரேக் டிஸ்க்குக்கு அருமையானது, எண்ணெய்ப் படலம் விடாது. பெயிண்டிலும் ரப்பரிலும் படக் கூடாது. குளோரின் சேர்ந்த கரைப்பான் உள்ள வகையை அடித்த பாகத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். எண்ணெய் ஊறிய பிரேக் பேடைக் கழுவிப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கழுவிய மண்ணெண்ணெயை எங்கே கொட்டுவது?

பதில்: சாக்கடையில் கூடாது. ஓர் இரவு மூடி வைத்தால் சேறு அடியில் தங்கும். மேல் தெளிவை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். அடிச்சேற்றை, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி: வாங்கிய டப்பாவில் விலையே அச்சிடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாக்கெட் பொருள் எதிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011 சட்டமுறை எடையளவு விதி. பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் லூஸ் டீகிரீசரை மலிவென்று வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததோடு, வீட்டில் குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.