தூசுக்குள் பிறக்கும் விண்மீன்கள்: அகச்சிவப்பு பற்றிய கேள்விகள்

கேலக்ஸிகளில் விண்மீன்கள் பிறப்பதை அகச்சிவப்பு ஒளி (சிவப்பைவிட அலைநீளம் கூடிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி) எப்படிக் காட்டுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களே அவ்வளவு தெளிவாக இருக்கின்றனவே, அகச்சிவப்பு எதற்கு?

பதில்: விண்மீன்கள் பிறப்பது அடர்ந்த, குளிர்ந்த வாயு மேகங்களுக்குள். அந்த வாயுவோடு நுண்ணிய தூசும் கலந்திருக்கிறது. புற ஊதாவையும் நீலத்தையும் தூசு எளிதில் மறித்துவிடும். அலைநீளம் கூடக்கூட அதன் பிடி தளரும். நம் பால்வெளியின் மையத்திலிருந்து வரும் கண்ணுறு ஒளியில் சுமார் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது. 2 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பில் (மைக்ரான் என்பது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பார்த்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வருகிறது.

கேள்வி: அப்படியென்றால் தூசு வெறும் இடைஞ்சல்தானா?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தூசு விழுங்கிய ஒளி எங்கே போகும்? துகள்களைச் சூடாக்கும். அவை அந்த ஆற்றலை அகச்சிவப்பாகத் திருப்பி உமிழும். பிரபஞ்ச வரலாற்றில் விண்மீன்கள் வெளியிட்ட ஆற்றலில் ஏறக்குறைய பாதி இப்படித் தூசு வழியாக அகச்சிவப்பாக மாறியிருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பாதிக் கதை போய்விடும்.

எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்பதும் முக்கியம். 20, 30 கெல்வின் (சுமார் மைனஸ் 250 டிகிரி செல்சியஸ்) அளவே உள்ள குளிர்ந்த தூசு 100 மைக்ரானை ஒட்டி ஒளிரும். இளம் விண்மீன்களுக்குப் பக்கத்தில் சூடேறிய தூசு 24 மைக்ரானில் பளிச்சென்று தெரியும். வளையம் வளையமாகக் கோத்த கார்பன் மூலக்கூறுகள் 7.7, 11.3 போன்ற குறிப்பிட்ட மைக்ரான்களில் தங்கள் முத்திரையைப் பதிக்கும். எம்74 கேலக்ஸியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தைப் பாருங்கள். சுருள் கரங்கள் முழுக்கத் தூசு இழைகள், நடுநடுவே குமிழிகள். அவற்றில் பல, இளம் விண்மீன்களின் காற்றும் சூப்பர்நோவா வெடிப்புகளும் குடைந்தவை. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: பெருநிறை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் அவற்றின் ஒளி அண்மைக் காலப் பிறப்புக்குச் சாட்சி. தோராயமாக, ஆயிரம் கோடி சூரியன்களுக்கு நிகரான அகச்சிவப்பு ஒளி இருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறை அளவு விண்மீன்கள் உருவாகின்றன எனலாம். பால்வெளியில் விண்மீன்கள் பிறக்கும் வேகமும் அந்த அளவுதான். 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளோ லட்சம் கோடி சூரியன்களை மிஞ்சும் கேலக்ஸிகளைக் காட்டியது. ஆர்ப் 220 அப்படிப்பட்டது. இரண்டு கேலக்ஸிகள் மோதி இணையும்போது வாயு நடுவில் குவிந்ததால் வந்த விளைவு அது.

கேள்வி: அகச்சிவப்பில் பிரகாசமாக இருந்தாலே நிறைய விண்மீன்கள் பிறக்கின்றன என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. வயதான விண்மீன்களும் தூசைச் சூடாக்கும். நடுவிலுள்ள பெருங்கருந்துளை வாயுவை விழுங்கும்போதும் சுற்றியுள்ள தூசு தகிக்கும். நிறமாலையில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டையில்) நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியானின் கோடு பலமாகத் தெரிந்தால் கருந்துளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாதாரண விண்மீன்களின் ஒளியால் நியானை அந்த அளவுக்கு உரிக்க முடியாது. மறுபக்கம், தூசு குறைவான சிறு கேலக்ஸிகளில் புற ஊதா தடையின்றி வெளியேறிவிடும்; அகச்சிவப்பை மட்டும் நம்பினால் பிறப்பு குறைவாகத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே நல்ல வழி.

கேள்வி: இந்தத் தொலைநோக்கிகளை ஏன் விண்வெளிக்கு அனுப்பிக் குளிர வைக்கிறார்கள்?

பதில்: வளிமண்டல நீராவி அகச்சிவப்பில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அப்புறம், வெதுவெதுப்பான தொலைநோக்கி தானே அகச்சிவப்பில் ஒளிரும். அதனால்தான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவி 7 கெல்வினுக்கும் கீழே வேலை செய்கிறது.