தம்பிக்கு வந்த புரோபேஷன் கடிதம்

அன்புள்ள ஐயா,

தம்பி அமெரிக்காவில் ஒரு செமினரியில் இறையியல் முதுகலை படிக்கிறான். முதல் செமஸ்ரர் முடிய, ‘அக்கடமிக் புரோபேஷன்’ (புள்ளி குறைந்ததற்கான எச்சரிக்கைத் தவணை) என்று கடிதம் வந்திருக்கிறது. ஜிபிஏ (புள்ளிகளின் சராசரி) 2.57. 3.0 வேண்டுமாம். கிரேக்கத்தில் சி, இறையியலில் பி மைனஸ், திருச்சபை வரலாற்றில் பி. எனக்கு மட்டும்தான் சொன்னான். அப்பாவுக்குத் தெரிந்தால், “1823இலேயே செமினரி வைத்த ஊரில் பிறந்துபோட்டு...” என்று தொடங்கிவிடுவார். விசா போய்விடுமா? திரும்பி வரச் சொல்லட்டுமா?

— ஒரு வாசகி, வட்டுக்கோட்டை

அன்புள்ள தங்கச்சி,

வரச் சொல்லாதீர்கள். இரண்டாம் செமஸ்ரர் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறினால், பதிந்த பாடங்கள் எல்லாம் எஃப் (பெயில்) ஆகிவிடும். இப்போது அவரிடம் இருப்பது ஒரேயொரு சி.

புரோபேஷன் என்ற காரணத்துக்காக மட்டும் எஃப்-1 மாணவர் விசா கெடாது. படிப்பிலிருந்து நீக்கினால் கெடும். பயத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பாடத்தை விட்டு, முழுநேர மாணவர் என்ற நிலையை இழந்தாலும் கெடும். நம் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான். பாடம் குறைக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்புச் சுமையிலோ திணறுகிறவர்களும், அந்நாட்டுக் கற்பித்தல் முறைக்குப் பழகாதவர்களும் ஒரு செமஸ்ரர் குறைந்த பாடங்களோடு படிக்க விசா விதியிலேயே இடமிருக்கிறது. ஆனால் அனுமதி முதலில், குறைப்பது பிறகு. முழுநேரப் படிப்பில் பாதியாவது மிஞ்சவும் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு பாடமும் மூன்று கிரெடிற் என்றால் சிக்கு 2.0, பி மைனஸுக்கு 2.7, பிக்கு 3.0 கூட்டி மூன்றால் பிரிக்க 2.57 சரியாகவே வருகிறது. அடுத்த செமஸ்ரரில் மூன்று பாடம் எடுத்து, இரண்டில் பி பிளஸ், ஒன்றில் ஏ மைனஸ் வந்தால் மொத்தம் 3.0ஐ மட்டுமட்டாகத் தொட்டுவிடும். கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. இங்கே கம்பஸில் 3.0 எடுத்தவர் செக்கன்ட் லோவர் (இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு) என்று வீட்டில் பால்சோறு பொங்குவார்கள். அங்கே பட்டமேற்படிப்பில் அதுதான் ஆகக் குறைந்த எல்லை. (போதகர் பணிக்கான எம்.டிவ். படிப்புக்குப் பல செமினரிகளில் எல்லை இதைவிடக் குறைவு.) கிரேக்கத்தைத் திரும்ப எடுத்தால் புதிய புள்ளி பழையதற்குப் பதிலாக வருமா, இரண்டையும் சேர்த்துக் கணக்கெடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அதை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்கட்டும். உதவித்தொகை இருந்தால் அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அதன் நிபந்தனை வேறாக இருக்கலாம்.

அந்தச் சி எனக்குப் புதினமாக இல்லை. நாம் ரியூசனில் வளர்ந்தவர்கள். பாஸ்ட் பேப்பரை எடுத்து, கடைசி மாதம் விடிய விடிய இருந்து ஏ எடுக்கிற ஆட்கள். கிரேக்கம் அதற்கு மசியாது. கிழமைக்குக் கிழமை சிறு பரீட்சை வைப்பார்கள். மூன்றாம் கிழமை வினைச்சொல் விகுதிகளை விட்டவருக்கு ஏழாம் கிழமை ஒரு வசனமும் விளங்காது. அப்புறம் கட்டுரை. விரிவுரையாளர் சொன்னதை அழகாகத் திருப்பி எழுதினால் இங்கே புள்ளி விழும். அங்கே, “இதில் நீ என்ன சொல்கிறாய்?” என்று ஓரத்தில் எழுதி பி மைனஸ் போடுவார்கள். இன்னொன்று: இங்கே விரிவுரையாளரின் அறைக்குப் போவதென்றால் ஏச்சு வாங்கப் போவது. அங்கே மாணவர் வருவதற்கென்றே நேரம் ஒதுக்கிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தம்பி ஒரு நாளாவது போனாரா என்று கேளுங்கள்.

வேலையையும் கேளுங்கள். செமஸ்ரர் நடக்கும்போது வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். அது உச்சவரம்பு, கட்டாயமில்லை. வீட்டுக்குக் காசு அனுப்பத்தான் அவர் முழு இருபதையும் செய்கிறார் என்றால், இந்த ஒரு செமஸ்ரருக்குக் காசு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். தம்பி வாய் திறந்து அதைக் கேட்கமாட்டார்.

அதனால் வீட்டில் சொல்லத்தான் வேண்டும். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பா நிச்சயம் 1823ஐ எடுப்பார், மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் நம் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள்தான் என்பதையும் எடுப்பார். எடுக்கட்டும். அந்தச் செமினரியையே 1855இல் மூடிவிட்டார்கள் என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தில் எத்தனை செமஸ்ரர் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தம்பியிடம் அதன் படத்தை வாங்கி, பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.