டீச்சரிடம் என்ன சொல்லச் சொன்னீர்கள்?

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் புகையிலையின் தீமை பற்றிப் பாடம் நடத்தியதிலிருந்து, "அப்பா செத்துப்போயிடுவாரா?" என்று ராத்திரியில் அழுகிறான். என் கணவர் பால்கனியில்தான் சிகரெட் பிடிப்பார், இவன் கண்ணெதிரே பிடித்ததில்லை. டீச்சர் கேட்டால் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? – ஒரு தாய்

பதில்: சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய அந்த வரிக்கு வருகிறேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றும் வேலையை ஏழு வயதுப் பிள்ளை தலையில் கட்டியிருக்கிறீர்கள். அவன் பயத்தைக் கொட்ட டீச்சர் ஒருவர் இருந்தார். அந்தக் கதவையும் சாத்தியாயிற்று. பிறகு ராத்திரியில் அழாமல் என்ன செய்வான்?

புகைக்கிறவர்களில் பெரும்பாலோர் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தொடங்கியவர்கள். முதல் சிகரெட்டை நீட்டுவது அநேகமாகக் கூடப் படிக்கிறவனாகத்தான் இருக்கும். அன்றைக்கு உங்கள் மகன் வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னான் கொடுத்தான்" என்று சொல்ல வேண்டாமா? இந்தப் பேச்சை மறைக்க வேண்டும் என்று இப்போதே பழக்குகிறீர்களே, நாளைக்கு உங்களிடமும் மறைப்பான். அப்போது அவனைத் திட்ட உங்களுக்கு வாய் இருக்காது.

பால்கனியாம்! சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு அந்தப் புகை உள்ளே வருகிறது. 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் கொண்ட புகை அது. பிள்ளைக்கு மூக்கு இல்லையா என்ன?

அவனோடு பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, பெற்ற தகப்பன். "நான் சிகரெட் பிடிக்கிறேன், அது தப்பு. அதில் நிக்கோடின் என்று ஒன்று இருக்கிறது. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய், இன்னும் கொடு என்று கேட்கவைக்கும். அதனால்தான் விட முடியாமல் கிடக்கிறேன்" என்று அவர் வாயால் சொல்லட்டும். அழுகிய நுரையீரல் படமெல்லாம் வேண்டாம், ஏற்கெனவே தூக்கம் போன பிள்ளை. சாக மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். "நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் விடாவிட்டால் உடம்பு கெடும், அதனால் டாக்டரிடம் போகிறேன்" என்றால் போதும். சொன்னபடி போகவும் வேண்டும். ஓராண்டு விட்டிருந்தால் இதயநோய் அபாயம், தொடர்ந்து பிடிக்கிறவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இந்தக் கணக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். (வாயில் அடக்குகிற புகையிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். புகை வராததால் அது பரவாயில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.)

லைட்டரை ஒளித்துவைக்கிற போலீஸ் வேலையை மட்டும் மகனிடம் கொடுத்துவிடாதீர்கள். டீச்சர் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம் என்று இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் படுங்கள். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள், அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும்.